வலது பக்கப் படம்

மூன்று வருடமாக ஆமை முகங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். உயிருள்ள கடலாமை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தென்காசியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆராய்ச்சிக்கூடம். ஒரு மேசை, ஒரு கணினி, கரண்ட் போனால் அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளை எங்கள் குழுவினர் படம் எடுத்து அனுப்புவார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறு, நம் கைரேகை மாதிரி. அதை வைத்து இது முன்பே வந்த ஆமையா, புதுசா என்று பார்த்து எண் கொடுப்பது என் வேலை.

இதில் ஒரு தொல்லை. ஒரே ஆமைக்கு இடது கன்னம் வேறு, வலது கன்னம் வேறு. இரண்டு பக்கமும் படம் இருந்தால்தான் ஆளை முழுசாகத் தெரியும். போன வருடம் வடக்குக் கரையிலிருந்து வந்த ஒன்றுக்கு நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தேன். அதற்கு இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. தெற்குக் கரையிலிருந்து வந்த ஒன்றுக்கு வலது பக்கம் மட்டும், அது அறுபத்தேழு. இரண்டு படத்திலும் ஓட்டின் பின் விளிம்பில் ஏதோ கடித்தது போல ஒரு பள்ளம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே ஆமைதான் என்று என் மனசு அடித்துச் சொன்னது. ஒரே தாய் இரண்டு கரையிலும் முட்டையிடுகிறது என்று காட்டிவிட்டால் இரண்டு கரையையும் சேர்த்துப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் என் மனசு சொல்வதை அறிக்கையில் எழுத முடியாது.

இந்த ஜனவரியில் நாற்பத்தொன்று மறுபடி வடக்குக் கரைக்கு வந்தது. படம் வந்தது. பார்த்தால் திரும்பவும் இடது பக்கம்! படம் எடுக்கிறவர் அந்த ஊர் மீனவர்தான், என்னைவிட நாலைந்து வயது இளையவர். போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அக்கா, அது துடுப்பால மண்ண வாரி மூஞ்சில அடிக்கி. சிவப்பு லைட்டு தவிர எதும் போடக்கூடாது. அந்தப் பக்கம் சுத்திப் போனா மிரண்டு கடலுக்குத் திரும்பிரும். நீங்க ஒருநாள் இங்கன வந்து எடுத்துக் காட்டுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மாடியில் உட்கார்ந்துகொண்டு மூன்று வருடமாக அவரை அதிகாரம் பண்ணியிருக்கிறேன்.

மூன்று நான்கு வாரத்தில் அந்த ஆமை இன்னொரு முறை முட்டையிட வரக்கூடும். இந்தப் பருவத்தோடு எங்கள் திட்டமும் முடிகிறது. நாலு நாள் வந்து தங்கி நீயே எடு என்றார் திட்டத்தை நடத்தும் மேடம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சானிடம், அதாவது என் கணவரிடம், கேட்டேன். அம்மாவிடம் கேட்டுக்கொள் என்றார். மாமியிடம் கேட்டால் அவனிடம் கேட்டுக்கொள் என்றார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் இப்படியே பந்தாடினார்கள். மாமி விழுந்து நடக்க முடியாமல் ஆனதிலிருந்து அவர்களை விட்டு நகர முடியவில்லை; ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்துக்கே நான் போய் எட்டு மாதம் ஆகிறது. இதில் கடலுக்கு எங்கே போவது? ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் ஆலங்குளத்தில் இருக்கும் மதினி, மச்சானின் அக்கா, ரமலான் நோன்பு பிறப்பதற்கு முன்னால் நாலு நாள் வந்து மாமியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நோன்பு வந்துவிட்டால் அவளாலும் வீட்டை விட்டு நகர முடியாது, என்னாலும் முடியாது. பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்தேன். சிவப்பு டார்ச்சு ஒன்றும் வாங்கினேன். கிளம்புகிற அன்று காலையில் மதினி போன் செய்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. அவளை என்ன சொல்ல முடியும்? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை இரண்டு தெரு கேட்கிற மாதிரி கழுவினேன்.

மாமி வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வாசல் வரைக்கும் வந்தார்கள். எட்டு மாதத்தில் அவ்வளவு தூரம் தனியாக நடந்தது அன்றுதான்.

"ஏட்டி, நீ போயிட்டு வா. பக்கத்து வீட்டுப் பிள்ள எட்டிப் பாத்துக்கிடுவா. நான் என்ன செத்தா போயிருவேன்."

கதவு திறந்துவிட்டது. ஆனால் என்னால் போக முடியவில்லை. காரணத்தை இதுவரை மச்சானிடம்கூடச் சொன்னதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், மாமி கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டபோது நான் நாற்பத்தொன்றையும் அறுபத்தேழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் மாமி என்றேன். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நேரமாக நீண்டது என்று எனக்குத் தெரியாது. இறங்கிப் போனபோது குளியலறைத் தரையில் கிடந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கூப்பிட்டது காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மாமியும் மறுத்துப் பேசவில்லை. அவர்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

படம் எடுக்கிறவரிடம் இந்த முறை கத்தவில்லை, கெஞ்சினேன். எப்பாடுபட்டாவது வலது பக்கம் எடுத்துத் தருகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் படங்கள் வந்தன. முதல் படம் இடது கன்னம், நாற்பத்தொன்றுதான். இரண்டாவது, வலது கன்னம். அறுபத்தேழின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு செதிலாக எண்ணினேன். அப்படியே பொருந்தியது. கிடைத்துவிட்டது மாமி என்று மாடியிலிருந்து கத்தினேன். இவ்வளவு தெளிவான படம் இந்த மூன்று வருடத்தில் வந்ததே இல்லை. செதிலின் விளிம்பில் ஒட்டியிருந்த மணல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

பிறகுதான் உறைத்தது. அது சிவப்பு வெளிச்சம் இல்லை. பகல் வெயில்.

மூன்றாவது படத்தைத் திறந்தேன். ஆமை முழுதாக மணலில் கிடந்தது, கண் வீங்கி, கழுத்து தொங்கி. பின் விளிம்பில் அந்தப் பள்ளம். விசைப்படகு வலையில் சிக்கியிருக்க வேண்டும். கடலில் வாழ்ந்தாலும் ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலை விடாது. வயிற்றில் முட்டை இருந்ததாம். படங்களோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார்.

"ரெண்டு பக்கமும் எடுத்துட்டேன் அக்கா. இன்னைக்கு அது அசையல."

அட்டவணையைத் திறந்து அறுபத்தேழு என்ற வரியை அழித்தேன். நாற்பத்தொன்றுக்கு நேரே இரண்டு கரைகளின் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'இறந்தது' என்று சேர்த்தேன். காலையில் எனக்கு இரண்டு ஆமைகள் இருந்தன.

கீழேயிருந்து மாமி கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உடனே இறங்கினேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி அடியில் நின்றார்கள், முகமெல்லாம் சிரிப்பு.

"கெடச்சிட்டாட்டி?"

"கெடச்சிட்டு மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். நீ போகாமலே காரியம் முடிஞ்சிட்டு பாத்தியா."

"ஆமா மாமி" என்றேன்.