கியுங் சாகும் காட்சிகள்

மாக் சியு-கியுங்குக்கு நிஜமாகவே சண்டை தெரியும். கவுலூன் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. விடுமுறை கிடைத்தால் படகேறி மக்காவ் போய்ப் பந்தயச் சண்டை மேடையில் நாலு பேரைச் சாய்த்துவிட்டு வருவான். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் தோங் என்ற இயக்குநர் அவனைத் தேடிப் பட்டறைக்கே வந்தார். ஒற்றை ஆள் நாற்பது பேரை அடிப்பதும், கூரைக்குக் கூரை பறப்பதும் அவருக்குச் சலித்துப்போயிருந்தது.

"எனக்குக் கூத்து வேணாம் தம்பி. தெருவுல எப்படி அடிச்சிக்குவியோ, அப்படியே அடி. மத்தத காமிரா பாத்துக்கும்."

கதாநாயகன் வேடம். கியுங் பட்டறை வேலையை விட்டான். படத்தின் கடைசிச் சண்டையில் அவனும் எதிராளியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். கியுங் புரண்டு மேலேறி முழங்கையால் ஓர் இடி இடித்தான். அவ்வளவுதான் சண்டை. எதிராளிக்கு நிஜமாகவே தாடை விலகிப் படப்பிடிப்பு ஒருநாள் நின்றது. தோங் மட்டும் பூரித்துப்போனார்.

மோங்கோக் தியேட்டரில் முதல் காட்சிக்கு மனைவி பூய்-லிங்கை அழைத்துப் போனான். அவள் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். கடைசிச் சண்டை வந்ததும் முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பின்னால் பரவியது.

"என்னடா இது, மீன் சந்தைல ரெண்டு கிழவிங்க தலமுடிய இழுத்துக்கிற மாதிரி இருக்கு."

"எந்திரிடா, பறந்து அடிடா. காசு குடுத்திருக்கோம்ல."

யாரோ கத்தியால் இருக்கைத் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. படம் பிடிக்காவிட்டால் அந்த ஊர் ரசிகர்கள் அப்படித்தான். பூய்-லிங் அவன் கையைப் பிடித்து இருட்டிலேயே வெளியே கூட்டிவந்தாள். வாரம் முடிவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். தோங் அதன்பிறகு படமே எடுக்கவில்லை.

பட்டறையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். பூய்-லிங் இங்கிலாந்தில் அக்கா நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனாள். "நீயும் வந்துடு, பாத்திரம் கழுவியாவது பொழச்சிக்கலாம்" என்று போனில் கூப்பிட்டாள். அடுத்த வருஷம் வருகிறேன் என்றான். அதையே வருஷா வருஷம் சொன்னான். பிறகு போன் வருவது நின்றது.

சண்டை மாஸ்டர் ஹா பியூதான் அவனைச் சேர்த்துக்கொண்டார், அடி வாங்கிச் சாகிற கூட்டத்தில். முதல் நாளே திட்டு விழுந்தது.

"ஏன்யா, அடி பட்டா அங்கேயே சுருண்டு விழற?"

"அடிபட்டவன் அப்படித்தான் விழுவான் மாஸ்டர்."

"அது அடிபட்டவன். நீ நடிக்கறவன். ஒனக்கு வலிச்சா போதாது, மேல கடைசி வரிசைல வேர்க்கடலை தின்னுக்கிட்டிருக்கான் பாரு, அவனுக்கு வலிக்கணும். பறந்து போய் விழு."

கியுங் பறக்கக் கற்றுக்கொண்டான். பின்னால் குட்டிக்கரணம் போட்டு மேசையை உடைத்தான். மாடியிலிருந்து கூடையோடு உருண்டான். எல்லோரும் அவனைச் 'செத்த கியுங்' என்று கூப்பிட்டார்கள். யாவ் மா தே பகுதியில் பலகை அடைத்த சிறு அறையில் தனியே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஓரத்து இருக்கை வாங்கி, தான் சாவதைப் பார்ப்பான். கொட்டகை கைதட்டும். பக்கத்தில் இருப்பவன் அவன் முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் திரும்பிக்கொள்வான்.

ஒரு மாலை, குடியிருப்பு மாடிப்படியில், மூன்றாம் தளத்துத் தையற்காரி யுக்-ஹிங்கின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் பறித்துக்கொண்டிருந்தான். கியுங் பாய்ந்தான். இருவரும் கட்டிப்பிடித்து உருண்டார்கள். கியுங் அவன் கையைக் கடித்தான். அவன் கத்தி கியுங்கின் முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கியது. திருடன் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அதற்குள் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் முகங்கள் கூடியிருந்தன.

"சினிமாவுல வானத்துல பறப்பியே அண்ணே. இங்க நாய் மாதிரி கடிக்கிற" என்றான் எதிர்வீட்டுக்காரன். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஏமாந்திருந்தான்.

யுக்-ஹிங் ஆஸ்பத்திரிக்கு அரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள். அவன் தயங்கித் தயங்கித் தன் பழைய படத்தைப் பற்றிச் சொன்னான்.

"பாத்திருக்கேன். பாதில எந்திரிச்சுப் போயிட்டேன்."

"சிரிப்பு வந்துச்சா?"

"சிரிப்பா? என் வீட்டுக்காரன் என்னை அப்படித்தான் அடிப்பான். மேல ஏறி உக்காந்து. வீட்டுல வாங்கறத காசு குடுத்து வேற பாக்கணுமா?" கஞ்சியைக் கிண்டினாள். "அவன் செத்தப்புறம் பறக்கற படமாத்தான் பாக்கறேன். அதுல யாருக்கும் வலிக்கறதில்ல."

கியுங் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். இத்தனை வருஷமும் அந்தச் சிரிப்பு ஒன்றே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்துபோன ஒருத்தியைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை.

கட்டுப் பிரித்ததும் அவளைப் படத்துக்கு அழைத்தான். வந்தாள். நடுவில் ஓர் இருக்கை விட்டுக் கைப்பையை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடிகாரன் ஒருவன் உதை வாங்கி, பறந்து, பாத்திரக் கடைக்குள் விழுந்த காட்சியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று கியுங் திரையைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "படத்துல நீ வரவே இல்லையே?"

"பாத்திரக் கடைல விழுந்தது நான்தான்."

"ஐயோ, நான் சிரிச்சிட்டேனே."

"சிரிக்கத்தானே விழுந்தேன்."

டீ குடிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சுன் வானில் கட்டிக்கொடுத்த மகள் காத்திருப்பாள் என்று ஏறிக்கொண்டாள். அடுத்த மாதம் அந்த மகள் வீட்டுக்கே குடிபோனாள். பொருள்களை மாடியிலிருந்து இறக்கக் கியுங்தான் உதவினான். தையல் இயந்திரம் கனமாக இருந்தது.

கால் பழையபடி ஆகவில்லை. ஹா பியூ அவனைக் கைவிடவில்லை. "இனிமே விழற வேலை வேணாம். ஏற்கெனவே செத்துக் கெடக்கற வேலை இருக்கு, படுத்துக்க" என்றார். அப்படியே பல வருஷம் படுத்தான். தலைக்குமேல் நாயகர்கள் கம்பியில் பறப்பார்கள். கியுங் கண்ணை மூடி, மூச்சை அடக்கிக் கிடப்பான். ஒருமுறை சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்தபோது அவனிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். விளக்குகள் அணைந்ததும் எல்லோரும் போய்விட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. வண்ணம் பூசிய தரை குளிர்ச்சியாக இருந்தது. யாராவது வந்து பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று அப்படியே கிடந்தான்.