நாற்பது ஓட்டை ஹப்பும் ஒரு காதுகுத்தும்

திண்டுக்கல்லுக்குள் நான் சைக்கிளை ஓட்டிக்கொண்டு நுழையவில்லை, தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஆனி மாதக் காலை, மணி எட்டு. முந்தின நாள் திருச்சியில் கிளம்பி, வடமதுரையில் இரவு தங்கி, விடியுமுன் மறுபடி மிதித்திருந்தேன். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் பின்சக்கரத்தில் டணங் என்று ஒரு சத்தம். கம்பி அறுந்திருக்கும் என்று இறங்கிப் பார்த்தால், கம்பிகள் நன்றாக இருந்தன. அவை மாட்டியிருந்த ஹப்பின் விளிம்பே ஒரு துண்டு பெயர்ந்து, நாலு கம்பிகள் தொங்கின.

ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை. எல்லாக் கம்பியும் அதன் இரண்டு விளிம்புகளிலிருந்துதான் கிளம்பி ரிம்முக்குப் போகின்றன. கம்பி போனால் மாற்றிக்கொள்ளலாம், ஹப் போனால் சக்கரமே போச்சு.

போன அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் என் தங்கை வசந்தியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். பஸ்ஸில் போக யாருக்குத் தெரியாது? ஆனால் அந்த ஐந்து வயதுக்காரி போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "மாமா, நீங்க சைக்கிள்லயே வந்து என்னயக் கோயிலச் சுத்திக் கூட்டிட்டுப் போனாத்தான் காது குத்த விடுவேன்." என் வாய் சும்மா இருக்குமா, சரி என்றது. பின்னாலிருந்து அவள் அப்பா குமரேசன் சிரித்தார். "மச்சான் பாதி வழில பஸ் ஏறிருவாருங்க, பாருங்க." அந்தச் சிரிப்பு திருச்சியிலிருந்தே என் முதுகில் உட்கார்ந்து வந்தது. நான் தொண்ணூற்றெட்டு கிலோ; கேரியரில் சீர்ச் சாமான் இருபது கிலோ. பளபளப்பைப் பார்த்து அலுமினிய ஹப் போட்ட புத்தியை என்ன சொல்ல?

நாகல் நகரில் ஒரு சைக்கிள் கடை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பெயர் அருளப்பன். எதைக் கேட்டாலும் "செத்த இருங்க" என்பார். சாவியைத் தேட ஒரு செத்த, ஊதுபத்தி கொளுத்த ஒரு செத்த. நானோ ஒரு இடத்தில் நிற்கமாட்டாதவன். கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன்.

"இதே மாதிரி அலுமினியத்துலயே தாரேன். உள்ள பேரிங்கு. சும்மா வழுக்கிக்கிட்டு ஓடும்" என்றார்.

"வழுக்குனதெல்லாம் போதும். இரும்பு வேணும். முப்பத்தாறு ஓட்டை."

"இந்தப் பெரிய சைக்கிளுக்கு இரும்புல பின்னாடி நாப்பது ஓட்டை, முன்னாடி முப்பத்திரெண்டு. எங்க அய்யா காலத்துலருந்து அப்படித்தான். முப்பத்தாறுக்கு எங்க போறது?"

அங்கேதான் சிக்கல். என் ரிம்மில் முப்பத்தாறு ஓட்டை. இரண்டு சுவர் வைத்த உறுதியான ரிம், ஆயிரத்து நானூறு ரூபாய். நாற்பது ஹப்பில் அதைக் கோக்கவே முடியாது. ரிம்மைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அருளப்பன் இரண்டு இடத்துக்குப் போன் போட்டார். சித்தையன்கோட்டையில் ஒரு கடையில் முப்பத்தாறு ஓட்டை இரும்பு ஹப் ஒன்று கிடக்கிறதாம். அவர் போனை வைக்குமுன் நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துவிட்டேன்.

சித்தையன்கோட்டை இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சின்னாளபட்டியில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் இறங்கி யாருடனோ பேசினார். "அண்ணே, கிளம்பலாமா?" என்றேன். "என்ன, வீட்டுல அடுப்புல பாலா வச்சிருக்கீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. செம்பட்டி தாண்டி வாழைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வந்தன. அழகாய்த்தான் இருந்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கடைக்காரர் அட்டைப்பெட்டியிலிருந்து ஹப்பை எடுத்துத் துடைத்து வைத்தார். இரும்புதான். முப்பத்தாறு ஓட்டைதான். செயின் ஓடும் ஃப்ரீவீல் பல்சக்கரத்தை மாட்ட வேண்டிய மரைதான் அதில் இல்லை. அது முன்சக்கர ஹப்.

"முன்னாடிக்கா பின்னாடிக்கான்னு நீங்க கேக்கலையே" என்றார். அவர்மேல் என்ன தப்பு? கேட்க நான் எங்கே நின்றேன்? கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன்.

திண்டுக்கல் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. அருளப்பன் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நாப்பதே குடுங்க" என்றேன். ரிம், கம்பி, ஹப் எல்லாம் புதுசு. மொத்தம் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். என் உசத்தி ரிம்மை அவர் கடை ஆணியில் மாட்டிவிட்டேன். அந்த இரும்பு ஹப் ஒரு கைப்பிடிக்கு நல்ல கனம். விளிம்பு முறியாது, அடிபட்டால் வளையும். உள்ளே தனித்தனிக் குண்டுகள்; தேய்ந்தால் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இதெல்லாம் திருச்சியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

சக்கரம் கோப்பது என் பொழுதுபோக்கு என்பதால் நானே உட்கார்ந்தேன். கோத்து முடித்து, சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக் கோட்டம் எடுக்கும்போது அவசரத்தில் கை பறந்தது. அருளப்பன் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார். "சாப்பாடு வேணாம், மணியாச்சு" என்றேன். "செத்த இருங்க. பசியோட முறுக்குனா கம்பி ஒண்ணு இறுகும், ஒண்ணு தொளதொளன்னு நிக்கும்" என்றார். சாப்பிட்டேன்.

இரண்டரைக்குக் கிளம்பி மேற்கே திரும்பினால் ஆனிக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஒட்டன்சத்திரம் போக மூன்று மணி நேரம். காய்கறி மார்க்கெட் பக்கம் சைக்கிளைச் சாய்த்தேன். புதுச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினதும் கம்பிகள் தளரும்; மறுபடி இறுக்கியாகவேண்டும். தக்காளிக் கூடை இறக்கிவிட்டு நின்ற லாரி டிரைவர் என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"பாலசமுத்திரம்."

"பழனிக்குத்தானுங்க போறேன். சைக்கிளை மேல போடுங்க. காத்து இனி இன்னும் அடிக்கும்."

கால் இரண்டும் சரி என்றன. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் யாழினி கேட்பாள். 'சைக்கிள்லயேவா மாமா?' என்று அந்த முகம் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. "வேணாமுங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நாற்பது கம்பியையும் ஒவ்வொன்றாக இறுக்கினேன். அன்று முழுக்க நான் பொறுமையாய்ச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பாலசமுத்திரத்தில் தங்கை வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டரை. யாழினி தூங்கியிருந்தாள். குமரேசன் சைக்கிளைச் சுற்றி வந்தார். "வாங்க மச்சான், லாரில போட்டுட்டு வந்தீங்களா?" நான் கேரியரிலிருந்து சீர்ச் சாமானை அவிழ்த்து இறக்கினேன்.

காலையில் கோயில் முன்னால் மாமன் மடியில் உட்கார்ந்தவள் என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத கிரீஸ், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "அப்பா, மாமா சைக்கிள்லதான் வந்துருக்காரு" என்று கத்திச் சொன்னாள்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அலறினாள். மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, "கோயிலச் சுத்தணும்" என்றாள்.

"ரெண்டும் குத்தின பொறவு சுத்தலாம் கண்ணு" என்றாள் வசந்தி.

"இப்ப."

"ஏனுங்க மச்சான், நல்ல நேரம் போகுதுங்க!" என்றார் குமரேசன். ஆசாரி ஊசியோடு நின்றார். நேற்று முழுக்க ஊரையே அவசரப்படுத்தியவன் நான்.

"செத்த இருங்க" என்றேன்.

ஒரு காதில் தோடோடு அவளை முன்கம்பியில் உட்காரவைத்து மிதித்தேன். குண்டும் குழியுமான கோயில் வீதி. ஒரு முனகல் இல்லாமல் சக்கரம் ஓடியது. அவள் விசும்பல் மேலவீதியில் நின்றது. ஒரு சுற்று முடிந்து வாசலில் நிறுத்தினேன். அவளே இறங்கிப் போய், முடியை ஒதுக்கி, ஆசாரியிடம் மறு காதைக் காட்டினாள்.