அப்பா கேட்ட முப்பது வருஷம்

சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் வயதான சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்து, அவற்றின் ஆயுள் கூடுகிறதா என்று பார்க்கிறோம். எலிகளை எடை போடுவதும் ரத்தம் எடுப்பதும் என் வேலை. ஒருநாள் இப்படிப்பட்ட ஆராய்ச்சி பற்றித் தமிழ்ச் செய்தியில் காட்டினார்கள். மருந்து தின்ற எலி சக்கரத்தில் ஓடியது, தின்னாத எலி மூலையில் சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஃபோன் செய்தார்கள். தேக்கா சந்தையில் மீன்காரர், "டாக்டரம்மா, எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைங்க லா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. அம்மா இறந்த பிறகு சிராங்கூன் வீட்டில் அவரும் என் தம்பியும்தான். தம்பிக்கு நாற்பது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. சிரிப்பான், பாடுவான், சொன்னதைச் செய்வான். ஆனால் குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டு, சோறு பிசைந்து கொடுக்க ஆள் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது அடுப்படி அலமாரியில் பெயர் தெரியாத மாத்திரைப் புட்டிகள் இருந்தன.

"யாருப்பா இதெல்லாம் வாங்கச் சொன்னது?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு. அந்த ஆளுக்கு அறுபது வயசாம். பாத்தா முப்பது மாதிரி இருக்கான்."

"அது விளம்பரம்ப்பா."

"அப்ப உங்க லேப்ல இருக்கறதக் குடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் முதுமை ஆராய்ச்சி பற்றிச் சமூக மன்றத்தில் ஒரு கூட்டம். தானும் வருவதாகச் சொன்னார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஆராய்ச்சியாளர் பேசி முடித்ததும் ஒருவர் நரைமுடி கறுக்குமா என்று கேட்டார், இன்னொருவர் மருந்து எப்போது கடைக்கு வரும் என்று கேட்டார். அப்பா எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எனக்கு இன்னும் முப்பது வருஷம் வேணும். கிடைக்குமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆராய்ச்சியாளரும் சிரித்துக்கொண்டே, "முப்பது வருஷத்தை வச்சு என்ன செய்யப் போறீங்க, சார்?" என்று கேட்டார்.

"என் மகனுக்கு நாப்பது வயசு. அவனால தனியா இருக்க முடியாது. அவனுக்கப்புறம் நான் போனாப் போதும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆராய்ச்சியாளர், "அப்படி ஒரு மருந்து இன்னைக்கு என்கிட்ட இல்ல, சார். இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். அப்பா நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன். மேடையில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்டதை அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. திரும்பும்போது ரயிலில் கேட்டேன்.

"ஏம்ப்பா, நான் இல்லையா?"

"உனக்குக் குடும்பம் இருக்கும்மா."

"அவன் என் தம்பிப்பா."

"மாப்பிள்ளை என்ன சொல்வாரு?"

"நான் பேசிக்கிறேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேன், உள்ளுக்குள் பயம்தான். என் கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "முதல்ல சனி ஞாயிறு மட்டும் அவன் இங்க வந்து இருக்கட்டும், பாப்போம்" என்றார்.

முதல் சனிக்கிழமை தம்பி எங்கள் பாசிர் ரிஸ் வீட்டில் சாப்பிடவே இல்லை. லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து அழுதான். சாயங்காலமே கொண்டுபோய் விட்டோம். அடுத்த வாரம் அவனுடைய தட்டையும் தலையணையையும் எடுத்து வந்தோம். அன்று சாப்பிட்டான். பிறகு என் கணவர் அவனைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போக ஆரம்பித்தார். சனிக்கிழமை வரைகூடப் பொறுக்காமல் இப்போது வெள்ளிக்கிழமையே அவனே செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறானாம்.

போன மாதம் அப்பா பழைய சகாக்களோடு மலேசியாவில் உள்ள பினாங்குக்குப் போனார். அம்மா போன பிறகு அவர் ஊர் தாண்டியது அதுதான் முதல் தடவை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் செய்தார். தம்பியிடம் கொடுத்தேன்.

"எப்ப வருவ?" என்று கேட்டான்.

"நாளைக்கு வந்துருவேன்யா."

"சரி" என்று ஃபோனை என் கையில் திணித்துவிட்டு, அப்பளம் பொரிந்துவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டான். "அழலையா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். "ம்" என்றார். "அப்ப நானும் சாப்பிடப் போறேன்" என்று ஃபோனை வைத்தார்.