மடிக்காத இலை

மார்கழிக் காலை ஆறு மணிக்குக் கும்பகோணம் ரயில் எங்களை எழும்பூரில் இறக்கிவிட்டது. போர்வைக்குள்ளும் எனக்குக் குளிர். என் அகத்துக்காரரின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மயிலாப்பூருக்கு எட்டணா பேசிய ஜட்காக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்தக் குளிர்ல ஐயருக்கு இப்டி வேர்க்குது?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் பட்டணம் வந்திருந்தோம். இரவெல்லாம் வியர்வை, உடம்பு இளைப்பு, நாக்குக்கு எதுவும் பிடிப்பதில்லை. க்ஷயம்தான் என்று எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. அவரும் நம்பிவிட்டார். அவர் சாப்பிட்ட இலையிலேயே சாப்பிடுவது கல்யாணமான நாள் முதல் என் வழக்கம். ஆடியிலிருந்து, சாப்பிட்டதும் இலையைத் தாமே மடித்துக் கொல்லையில் எறிந்துவிடுகிறார். "நோக்கும் ஒட்டிண்டுடும்" என்பார். தனி இலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாத்தனார் வீட்டில் தங்கினோம். அன்றே மார்பைப் படம் எடுத்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு மாம்பலத்தில் டாக்டர் வீடு. ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் வீட்டைவிடத் தென்னைதான் அதிகம்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இவர் மடியில் சும்மா கிடந்து நடுங்கிய வலக்கையை அதைவிட நெடுநேரம் பார்த்தார். நாங்கள் பலவீனம் என்று விட்டுவிட்ட நடுக்கம் அது. பிறகு காப்பிப் பொடியை மூக்கருகே நீட்டினார். இவருக்கு வாசனையே தெரியவில்லை.

"க்ஷயமில்லை. நடுக்குவாதம், நரம்பு வியாதி. வேர்வையும் அதனாலதான். மூக்கு மரத்துப்போனா நாக்கும் சப்புன்னு ஆயிடும். அடியோட தீர்க்க மருந்து கிடையாது."

"இவளுக்கு ஒட்டுமோ?" இவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"ஒட்டவே ஒட்டாது."

வாசலுக்கு வந்து அழுதேன், உடனே சிரித்தேன். தீராத வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் அடையாற்றுப் பாலத்தில் காற்று வாங்கினோம். "வேர்வை காயறதுடி" என்றார். எனக்கும் நெஞ்சு லேசாக இருந்தது.

ஊர் திரும்பும் ரயிலுக்கு முன் நாத்தனார் இலை போட்டாள். "உப்பே இல்லையேம்மா" என்று ரசஞ்சாதத்தில் இரண்டு தரம் உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தார்.

"அண்ணா, இது இலையா, உப்பளமா?" என்று அவள் கேலி செய்தாள்.

இவர் எழுந்தார். இலையை மடிக்கவில்லை. ஓரத்தில் எனக்கென்று ஒரு பிடி ரசஞ்சாதம் இருந்தது.

"மன்னி, புது இலை போடறேன்."

"வேண்டாம்" என்று உட்கார்ந்தேன். ஒரு வாய்தான் வைத்தேன். கரித்த கரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உப்பு எப்படி இருக்கு?" என்றார், கை அலம்பிக்கொண்டே.

"திட்டமா இருக்கு" என்றேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜட்கா ஏறினேன்.