வண்டி நின்ற பிறகு

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் தொழிலை விட்ட பிறகு என் வீட்டுக்காரர் ஒரு பழைய வேனை வாங்கினார். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, உள்ளே படுக்கை, அடுப்பு மேடை, பாத்திர அலமாரி எல்லாம் வைத்துக் கொண்டுவந்தார். வடமாநிலங்களில் போர்வெல் போட்டே வயதைக் கழித்த மனிதர். இனி வீட்டையும் கூட்டிக்கொண்டே ஊர் சுற்றலாம் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் சரியில்லை. ஓட்டும்போது போன் அடித்தால் யாரென்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எடுத்துப் பேசமாட்டார். பெயரைப் பார்ப்பார், முகம் சப்பென்று ஆகும், கீழே வைத்துவிடுவார்.

எங்கள் ஒரே மகள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிறாள். அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதிலிருந்து அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்வதில்லை. என்னோடு மட்டும் பேசுவாள்.

ஒருநாள் பரமத்தி வேலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் பின்னால் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர் குனிந்து பார்த்த நேரத்தில், முன்னால் வாழைத்தார் கட்டிய மொபெட் ஒன்று திரும்பியது. பிரேக்கை மிதித்தார். அவ்வளவு கனமான வண்டி சட்டென்று நிற்குமா? இழுத்துக்கொண்டே போய் மயிரிழையில் நின்றது. அலமாரி திறந்து குக்கர் என் நெற்றியில் வந்து விழுந்தது. மொபெட்காரர் திட்டிவிட்டுப் போனார்.

அவர் ஓடிவந்து ஈரத்துணியை என் நெற்றியில் வைத்தார்.

"எதுக்குங்க அந்தப் போனப் பாக்கறீங்க?"

துணியைத் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: "புள்ளையா இருக்குமோன்னு பாத்தேன், அம்மிணி."

போனை என் மடியில் வைத்தார். அன்றிலிருந்து வண்டி கிளம்பினால் போன் என்னிடம்தான். அவர் எதற்காகப் போனைப் பார்த்தார் என்பதை நான் மகளிடம் சொன்னேன். அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த முறை பாண்டிச்சேரிக் கடலைப் பார்க்கக் கிளம்பினோம். ஆத்தூரை நெருங்கும்போது என் கையிலிருந்த அவர் போன் அடித்தது. மகளின் பெயர்.

"ஏனுங்க, பாப்பா கூப்பிடறா. உங்களுக்கு."

அவர் கண் சாலையை விட்டு நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர், பின்னால் பஸ். ஓரம் கட்ட இடமில்லை.

நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பா ஓட்டிட்டிருக்காரு சாமி. நிறுத்திட்டுப் பேசுவாரு."

"பரவாயில்லம்மா. அப்பறமா..." குரல் பின்வாங்கியது. அப்பா பேச விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போல.

"வெச்சராத சாமி!" அவர் திரும்பாமலே கத்தினார். "அப்பன் நிறுத்தறேன். வெச்சராத!"

அவள் வைக்கவில்லை. நானும் பேசவில்லை. பாத்திரங்கள் கடகடக்கும் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டே போனோம். அவர் அவசரப்படவில்லை, டிராக்டரை முந்தவும் இல்லை. ஒரு ஜவ்வரிசி மில் வந்தது. களம் முழுக்க வெள்ளையாகக் காயப் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்த பிறகுதான் கையை நீட்டினார்.

"நிறுத்திட்டேஞ் சாமி. இப்பச் சொல்லு."

ஸ்பீக்கரில் அழுகைதான் முதலில் வந்தது. பிறகு, "ஓட்டும்போது போனப் பாக்காதீங்கப்பா. நான் கூப்பிட்டா அம்மா எடுக்கட்டும். நீங்க நின்ன பிறகு பேசுங்க. எவ்வளவு நேரம்னாலும் நான் வெக்க மாட்டேன்."

"சரிங் சாமி. சரிங்க," என்றார். மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசுகிற பழைய கொஞ்சல், எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்தது. "நாங்க இப்ப அங்கயே வாரோம். வரலாமா?"

"வாங்கப்பா. மெதுவா வாங்க."

கடலை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனோம். வழி நெடுக அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது, அவளுடைய குறுகலான தெருவுக்குள் எங்கள் வண்டி நுழையவில்லை. மெயின் ரோட்டிலேயே நிறுத்தினோம். மாப்பிள்ளை பின்னால் வர, அவள் வேகவேகமாக நடந்து வந்தாள். பக்கத்துக் கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் அவர் கதவைத் திறந்து இறங்கினார். செருப்பு வண்டியிலேயே கிடந்தது.