சத்தம் போன விவாதம்

வீட்டுக் கூரைகளில் டிவி டிஷ் பூட்டுகிற தொழிலில் இருப்பவனை, "படம் நன்றாகத் தெரிகிறது" என்று சொல்வதற்காக இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்களே, தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர்களே, நீங்களும் என் இனம்தான், உங்களுக்குத் தெரியும். நம்முடைய போன் அடித்தால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். கண்டியைச் சுற்றி மலையும் மரமும் இருப்பதால் மழை பெய்தால் என்னைப் பலரும் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மழையே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் போன் ஓயாமல் அடித்தது.

அன்றைக்கு டிவியில் ஒரு விவாதம். மேயர் வேட்பாளராக நிற்க ஒரே கட்சிக்குள் மூன்று பேர் ஆசைப்பட்டார்கள். தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் மூவரும் டிவியில் பேசட்டும், பிறகு கட்சி உறுப்பினர்கள் வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்யட்டும் என்று முடிவானது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் இரண்டு விவாதம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றரை நிமிடம். அதைத் தாண்டினால் நெறியாளர் மேசையில் இருக்கும் பட்டனை அழுத்துவார், பேசுகிறவரின் மைக் அடங்கிவிடும். இந்த விதியை ஆரம்பத்திலேயே விளக்கமாகச் சொன்னார்கள். ஆரம்பத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் தேத்தண்ணியோடு வந்து உட்காரும்போது பாதி முடிந்துவிட்டது.

அந்த நெறியாளர் சுமதி. வழக்கமாகச் செய்தி வாசிப்பவள், விவாதம் நடத்தியது அதுதான் முதல் தடவை. என் மனைவியும் அவள்தான்.

வீட்டுக்கு வரும்போது அவள் முகம் சரியில்லை. மூவரில் பெரிய ஆள் கோர்ட்டில் வாதாடுகிற ஒரு லோயர். அவர்தான் அடுத்த மேயர் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. அவருடைய மைக்தான் அதிகம் அடங்கியது. அவருடைய ஆட்கள் நிலையத்துக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டிருக்கிறார்கள். போதாததற்குப் பார்வையாளர்களின் முறைப்பாடும் குவிந்துவிட்டதாம். இரண்டாவது விவாதத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆண் அறிவிப்பாளரைக் கூப்பிடலாமா என்று மேலாளர் யோசிக்கிறார், புதன்கிழமை முடிவு சொல்வார். இப்படி ஒரு வாய்ப்புக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளோ அழவில்லை, என்னிடம் ஒரு வேலையைத் தந்தாள்.

"நாளைக்கு நீங்க போற வீட்டுலெல்லாம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. நான் யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா எல்லாரும் நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க."

கடுகண்ணாவைக் கூரை

மறுநாள் முதலில் கடுகண்ணாவையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மாரியப்பன் அண்ணன். விவாதம் நடக்கும்போதே மூன்று தரம் எனக்குப் போன் பண்ணியவர். போய்ப் பார்த்தால் டிஷ் வானத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டுப் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லோயர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை என்றதும் மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறியிருக்கிறார். கீழே கடையிலிருந்த ஆட்கள் "வந்துருச்சு, போயிருச்சு" என்று கத்த, மேலே அவர் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் படமும் போய்விட்டது.

டிஷ்ஷை நேராக்கிவிட்டு இறங்கி, "அண்ணே, அது கோளாறு இல்ல, நேரம் முடிஞ்சதும் மைக்க நிப்பாட்டுறாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. அரசியல்வாதியை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது என்பதை அவர் மனம் ஏற்கவேயில்லை.

"சும்மா சொல்லாதீங்க தம்பி! அந்தம்மா சத்தம் மட்டும் கணீர்னு வருது, ஐயா சத்தம் வரல. டிஷ் பொம்பளைங்க பக்கமா சாஞ்சிருச்சுன்னுதான் நான் மேல ஏறுனேன்."

தட்டினால் அடங்கும்

கெலிஓயாவில் ஒரு ஹாஜியார் வீடு. அங்கேயும் அதே முறைப்பாடுதான். ஹாஜியார் டிவியின் மண்டையில் தட்டித் தட்டி, பின்பக்க வயர் ஒன்று கழன்றே விட்டது. அவர் லோயரின் ஆள். "அவரு பேசக்கொள்ள மட்டும் இந்தப் பெட்டிக்கு நோவு வருது" என்று மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்.

வயரைச் சொருகிவிட்டு, மைக் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஹாஜியார் தொழுகைக்குப் போனதும் கோப்பியோடு வந்து, எல்லாம் தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். அவர் ஆரம்பத்திலிருந்து பார்த்தவர். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"செல்லீந்தா எழும்பி நிண்டு அந்தப் புள்ளக்கி ஏசிக்கிட்டே ஈப்பாரு தம்பி. டிவிக்கித் தட்டிக்கிட்டிருந்ததால நான் நிம்மதியா விவாதம் பாத்தேன்."

பல்லேகல சாரிப் பின்

பல்லேகல தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் ஒரு போர்டிங். அங்கே ரிமோட்தான் பழுது, சத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மைக் அடங்கும்போதெல்லாம் கைதட்டியதாகச் சொன்னார்கள். சரி, நம் ஆட்கள் என்று மகிழ்ந்து, விவாதம் நடத்திய அக்கா எப்படி என்று மெல்லக் கேட்டேன்.

தைக்கிற பிள்ளைகளிடம் கேட்டிருக்கக் கூடாது. தோள்பட்டையில் சாரி மடிப்பு கோணல், அதைப் பார்த்துப் பார்த்தே பாதிக் கேள்வி காதில் விழவில்லை என்று ஒரே சிரிப்பு. விவாதத்தன்று பின்னேரம் அவசரத்தில் அந்தச் சாரிக்குப் பின் குத்திவிட்டவன் நான்தான். தலையைக் குனிந்துகொண்டு ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினேன்.

"அந்த அக்கா நல்லாத்தான் கேட்டாங்க அண்ணே, ஆனா அவங்களுக்குப் பின் குத்திவிட்டது யாரோ எதிர்க்கட்சி ஆளு."

சிவபாதம் ஐயாவின் கேள்வி

கடைசி வீடு நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, ஓய்வு பெற்றபின் கண்டியிலேயே தங்கிவிட்ட சிவபாதம் ஐயா. சத்தத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, டிஷ்ஷை மறைக்கும் கிளைக்காகத்தான் கூப்பிட்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் வாளிகள் வரிசையாக நின்றன. மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. விவாதம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஓம், பார்த்தனான்" என்றவர் கதிரையை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று சுமதி லோயரிடம் கேட்டிருந்தாள். அவர் தன் தகப்பனார் கட்சிக்கு உழைத்த கதையைச் சொன்னார். நேரம் முடிந்தது, மைக்கை அடக்கிவிட்டு அவள் அடுத்தவரிடம் போய்விட்டாள். நானும் பார்த்தேன், எனக்கு அது உறைக்கவில்லை. ஐயா சொன்னபோது சுருக்கென்று தைத்தது. என் மனைவியைக் குறை சொல்கிறாரே என்று கோபமும் வந்தது. வாளிகளைப் பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கிவிட்டது.

"மைக்கை நிப்பாட்டினது சரி தம்பி, அதிலை பிழை இல்லை. ஆனா அவரின்ரை வாயை மூடின பிள்ளை, பதிலை ஏன் விட்டவ?"

வீட்டு அறிக்கை

வீட்டில் சுமதி காத்திருந்தாள். கூரைக் கதைக்குச் சிரித்தாள். சாரிப் பின் கதைக்கு என்னை முறைத்தாள். சிவபாதம் ஐயாவின் கதையைச் சொல்லலாமா விடலாமா என்று தயங்கினேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள், சொல்லவைத்தாள். அந்த வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மத்தவங்க எல்லாம் டிவியப் பாத்துருக்காங்க. இவர் ஒருத்தர்தான் விவாதத்தப் பாத்துருக்கார்."

புதன்கிழமை

முறைப்பாடு செய்தவர்களில் சிலரைத் திரும்ப அழைத்துப் பேசிப் பாருங்கள் என்று சுமதி மேலாளரிடம் கேட்டாள். எனக்கு வந்த அழைப்புகளைப் போலத்தான் அவருக்கு வந்தவையும் இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். மேலாளர் வேண்டாவெறுப்பாக எண்களை அழுத்தினார். ஒருவர், "இப்ப சத்தம் சரியா?" என்று அவரையே கேட்டார். இன்னொருவர், "திருத்துற ஆள எப்ப அனுப்புவீங்க?" என்றார். லோயரின் ஆட்களைத் தவிர, அவளை மாற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை. குவிந்த மற்ற முறைப்பாடுகளெல்லாம் சத்தத்தைப் பற்றியவை. விவாதத்தைப் பற்றிப் பேசிய ஒரே குரல், நிலையத்துக்கும் போன் பண்ணியிருந்த ஒரு பெரியவருடையது, மேட்டுப் பகுதிக்காரர். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரோடு பேசி முடித்ததும் மேலாளர் போனை வைத்துவிட்டுச் சுமதியைப் பார்த்தாராம்.

"குத்தம் சொன்ன ஒரே ஆளும் இன்னும் கடுமையா கேக்கச் சொல்றார். ஞாயித்துக்கிழமை நீங்களே வந்துருங்க."

இரண்டாவது ஞாயிறு

அன்று அவள் சாரிப் பின்னை என் கையில் தரவில்லை, தானே குத்திக்கொண்டாள். நான் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் கேள்வி வந்தது. லோயர் மறுபடியும் தகப்பனார் கதைக்குப் போனார். நேரம் முடிந்தது, மைக் அடங்கியது. சுமதி அடுத்தவரிடம் போகவில்லை. மைக்கைத் திறந்து, குரலை உயர்த்தாமல், அதே சொற்களில் கேட்டாள்: "மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் எப்போது வரும், ஐயா?" அவர் கட்சியின் தியாகங்களைச் சொன்னார். மறுபடி அடங்கியது, மறுபடி திறந்தது, மறுபடி அதே கேள்வி. லோயர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார்.

அப்போது என் போன் அடித்தது. மாரியப்பன் அண்ணன்.

"தம்பி, டிவி ஒரே எடத்துல சிக்கிக்கிச்சு! அந்தம்மா கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குது. மேல ஏறவா?"

"ஏறாதீங்கண்ணே. கொஞ்சம் பொறுங்க" என்றேன். திரையில் லோயர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, அந்தப் பகுதிக்குத் தன்னிடம் இன்னும் ஒரு திட்டமும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை சத்தம் தெளிவாக வந்தது. சுமதி "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பி, அதே கேள்வியை அவரிடமும் கேட்டாள். வாளிகளுக்குப் பக்கத்தில் சிவபாதம் ஐயா கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மாரியப்பன் அண்ணன் இன்னும் போனில்தான் இருந்தார்.

"இந்தா, இப்ப சரியாயிருச்சு தம்பி!"

இத்தனை வருடத் தொழிலில் மாரியப்பன் அண்ணன் கூரை ஏறாமலே சரியான பழுது அது ஒன்றுதான், அதையும் திருத்தியது நான் இல்லை.