மைக்கம்மா வாய் திறக்காத நாள்

தமிழ்செல்வியின் குரல் தெரியாதவர்கள் திருவண்ணாமலையில் கம்மி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடையைச் சாத்திவிட்டு, கிரிவலப் பாதையில் இருக்கும் உதவி மையத்தில் மைக் பிடிக்கப் போய்விடுவாள். சம்பளம் கிடையாது. இருபது வருடமாக ஒரு மாதம் தவறவில்லை. கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பது அந்தக் குரல்தான். ஆட்டோக்காரர்களுக்கு அவள் மைக்கம்மா. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்த பெயரா அது?

அவள் மகள் கவிநிலா இயற்பியல் முதுகலை படிக்கிறாள். அவளும் நண்பர்களும் ஆறு மாதம் அலைந்து அனுமதி வாங்கி, கல்லூரி மாடியில் பெரிய தட்டு ஆன்டெனா ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். எங்கோ இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்குச் செய்தி அனுப்பப் போகிறார்களாம். அங்கே யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று. குழுவுக்குக் கவிநிலாதான் தலைவி. செய்தியை யார் குரலில் அனுப்புவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

தமிழ்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. "மலையைச் சுத்தின குரல் நட்சத்திரத்துக்குப் போவுது" என்று ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். குரலைத்தானே அனுப்புகிறோம், புடவையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

மாடியில், செய்தி எழுதியிருந்த தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். நம் சூரியன் எங்கே இருக்கிறது, அதிலிருந்து நாம் எத்தனையாவது கிரகம், எத்தனை கோடி பேர், உடம்பு எதனால் ஆனது, எல்லாம் வரிசையாக இருந்தன. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னாம்மா?" என்றாள் கவிநிலா.

"தொலைஞ்ச புள்ள கிடைச்சா நான் மைக்ல எப்படிச் சொல்வேன், தெரியுமில்ல?"

தெரியும். ஒரு குழந்தை எங்களிடம் இருக்கிறது, பெற்றவர்கள் வந்து அடையாளம் சொல்லுங்கள் என்பாள். அவ்வளவுதான். பெயரோ, சட்டையின் நிறமோ அவள் வாயில் வராது.

"மொத வருஷம் எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. பேரு, செவப்பு கவுனு, கால்ல கொலுசுனு. பத்து நிமிஷத்துல ஒருத்தன் வந்து அதையே அப்படியே ஒப்பிச்சான். புள்ள கைய அவன் கையில புடிச்சுக் குடுத்துட்டேன்."

கவிநிலா இதைக் கேள்விப்பட்டதே இல்லை. "அப்புறம்?"

"பெத்தவ எதுக்க ஓடியாந்தா. அவன் புள்ளைய வுட்டுட்டுக் கூட்டத்துல பூந்துட்டான். அவ வேற வழியா வந்திருந்தா?"

கவிநிலாவின் நண்பன் பாலாஜி குறுக்கே வந்தான். "அங்க இருக்கிறவங்க நல்லவங்களாவும் இருக்கலாமே ஆண்ட்டி. பதில் வரவே எண்பது வருஷம் ஆவும்."

"இருக்கலாம். இல்லன்னா? அப்ப நீயா இருப்ப, நானா இருப்பேன்? யாரோ பெத்த புள்ளைங்க நிக்கும். அதுங்கள யாரு கேட்டீங்க?"

விஞ்ஞானிகளிலேயே சிலர் இதே பயத்தைச் சொல்லி, அனுப்ப வேண்டாம் என்கிறார்கள் என்பது கவிநிலாவுக்குத் தெரியும். படித்தபோது அது வெறும் கட்டுரையாக இருந்தது. இப்போது அந்தச் சிவப்பு கவுன் பிள்ளையை நினைக்க அவளுக்கு அழுகையே வந்தது. தாளை வாங்கி, நம்மைப் பற்றிச் சொன்ன வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். முதல் வரியில் இருந்த 'வணக்கம்' மட்டும் மிஞ்சியது.

"இத மட்டுமாவது சொல்லேம்மா. உன் குரல் போவட்டும்."

தமிழ்செல்வி மைக்கைப் பார்த்தாள். ஆசைதான், யார் இல்லையென்றது? அந்த ஒரு சொல்லை எப்படி இழுத்துச் சொல்வது என்று வாரம் பூராவும் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள்.

"வேணாம். சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுனு தெரிஞ்சாலே போதும், தேடிக்கினு வர்றவனுக்கு."

கவிநிலா செய்தி அனுப்பும் கருவியின் ஒயரைப் பிடுங்கினாள். அதே தட்டை வைத்து, அங்கிருந்து ஏதாவது வருகிறதா என்று கேட்கவும் முடியும். ஹெட்போனை எடுத்து அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள்.

இருபது வருடமாக ஊரையே கேட்க வைத்தவள், பட்டுப்புடவையோடு நாற்காலியில் சாய்ந்து, வெறும் இரைச்சலை மதியம் வரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட வந்த பாலாஜியை, பேசாதே என்று கை காட்டி அடக்கினாள்.